பவரைக் கூட்டியும் இறங்காத கோடு

மூன்று வாரங்களுக்கு முன் சனிக்கிழமை வகுப்பில் நான் பலகையில் எழுதிய ஒரு வசனம் இன்னும் என்னை விடவில்லை. "யூடபிள்யூபிக்கு ஈக்குவலைசர் தேவையில்லை, ரேக் ரிசீவர் போதும்." எழுதிவிட்டுக் கீழே கோடும் இழுத்தேன். யூடபிள்யூபி என்பது மிக அகலமான பட்டையில் மிகக் குறுகிய துடிப்புகளை அனுப்பும் வானொலி. ஈக்குவலைசர், எதிரொலிகளால் ஒன்றோடொன்று கலந்த பிட்டுகளைத் திருத்தும் கருவி. ரேக் ரிசீவர், அந்த எதிரொலிகளைச் சேர்த்துக் கூட்டும் கருவி. உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் நடக்கும் சின்ன வகுப்பு அது. தொலைத்தொடர்பு படிக்கிற ஆறேழு பிள்ளைகள் வருவார்கள். பலகையில் விழுந்ததை அப்படியே கொப்பியில் எழுதுவார்கள். நானும் படிக்கிற காலத்தில் அதே வசனத்தை அப்படித்தான் எழுதினேன். பரீட்சையில் எழுதினேன், நேர்முகத் தேர்விலும் சொன்னேன், ஒரு நாளாவது எடுத்துச் சோதித்துப் பார்க்கவில்லை. சொன்னவர் நன்றாகக் கற்பித்தவர். நான் கேட்ட சூழலில் அது சரியாகவும் இருந்திருக்கும். எந்தச் சூழலில் சரி என்ற பாதியை நான் தொலைத்துவிட்டு, மீதிப் பாதியை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதுதான் உறுத்துகிறது.

அந்த வசனத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஒரு நானோ செக்கனில் ஒளி ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் போகும். 500 மெகாஹேர்ட்ஸ் அகலமுள்ள துடிப்பு ஒன்றின் நீளம் இரண்டு நானோ செக்கன் அளவுதான். ஆகவே நேர்வழியில் வந்த துடிப்பும், சுவரில் பட்டு ஒரு மீற்றர் சுற்றி வந்த துடிப்பும் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் தனித்தனியாக வந்து சேரும். குறுகிய பட்டை வானொலியில் இப்படி நடக்காது. அங்கே எல்லாப் பாதைகளும் கலந்து, ஒன்றை ஒன்று அழித்து, சிக்னல் அப்படியே அமுங்கிப் போகும். யூடபிள்யூபியில் எதிரொலிகள் வரிசையாக நிற்கும்போது அவற்றைப் பொறுக்கி எடுத்துக் கூட்டிக்கொள்ளலாம். 1958இல் பிரைஸ், கிரீன் என்ற இருவர் எழுதிய ரேக் ரிசீவரின் கருத்து அதுதான். முற்றத்துச் சருகு வாரும் வாரியைப் போல ஒவ்வொரு விரலும் ஒவ்வொரு பாதையைப் பிடிக்கும். பலமான பாதைக்குக் கூடிய நிறை, பலவீனமானதற்குக் குறைந்த நிறை என்று கொடுத்துக் கூட்டினால் சிதறிக் கிடந்த சக்தி ஓரிடத்துக்கு வரும்.

இந்தச் சக்தியை விட்டுவிடவும் முடியாது. அமெரிக்காவில் வானொலி அலைகளை ஒழுங்குபடுத்தும் எஃப்சிசி 2002 பெப்ரவரியில் 3.1 முதல் 10.6 கிகாஹேர்ட்ஸ் வரையான பட்டையைத் திறந்துவிட்டபோது, ஒரு மெகாஹேர்ட்ஸுக்கு மைனஸ் 41.3 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிடும் பவர் அளவு) என்று கட்டிப்போட்டது. 500 மெகாஹேர்ட்ஸ் முழுவதையும் பாவித்தாலும் ஒரு மில்லிவாட்டில் இருபத்தைந்தில் ஒரு பங்கு வராது. 7.5 கிகாஹேர்ட்ஸ் முழுவதையும் நிரப்பினாலும் அரை மில்லிவாட்டைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். கையில் இருப்பது இவ்வளவு என்றால், சுவரில் பட்டு வந்தாலும் கூரையில் பட்டு வந்தாலும் பொறுக்கத்தானே வேண்டும்? என் நம்பிக்கை இந்தக் கணக்கில்தான் நின்றது.

தம்பலகாமத்து நெல் ஸ்டோர்

வகுப்புக்கு வரும் பிள்ளை ஒருத்தியின் மாமாவுக்குத் தம்பலகாமத்தில் நெல் ஸ்டோர் இருக்கிறது. தகரக் கூரை, இரண்டு பக்கமும் தகரச் சுவர், நடுவில் இரும்புத் தூண்கள். மூட்டை தள்ளும் வண்டி ஸ்டோருக்குள் எங்கே நிற்கிறது என்று யூடபிள்யூபி மொடியூல்களால் கண்டுபிடிப்பது அவளுடைய இறுதியாண்டு வேலை. டெக்காவேவ் நிறுவனத்தின் டிடபிள்யூ1000 சில்லு உள்ள பலகைகள் இரண்டு வைத்திருந்தாள். தூரம் அளப்பதற்கென்று வந்த சில்லு அது. ஆனால் அதற்குள் இன்னொரு பொக்கிஷம் இருக்கிறது. ஒவ்வொரு பொதியும் வந்து சேர்ந்த பிறகு, சனல், அதாவது சிக்னல் வந்த வழி, எப்படி இருந்தது என்பதை ஏறத்தாழ ஒரு நானோ செக்கனுக்கு ஒரு புள்ளியாக, ஆயிரம் புள்ளிகள் அளவில் வெளியே எடுத்துப் பார்க்கலாம். எதிரொலிகளின் புகைப்படம் என்றே சொல்லலாம்.

மார்கழி மாதம், ஸ்டோர் வெறுமையாகக் கிடந்தது. அவள் ஒரு தொங்கலில், நான் மறு தொங்கலில். "சேர், இருபதுக்கு வந்திட்டன்" என்று அவள் சொன்னது எனக்குக் கூ கூ என்றுதான் கேட்டது. நான் கத்தினேன். அவளும் கத்தினாள். கத்தக் கத்த இன்னும் குழம்பியது. வாசலில் சாக்கு மடித்துக்கொண்டிருந்த அவளுடைய மாமா, "ஒவ்வொரு சொல்லா விட்டு விட்டுச் சொல்லுங்கோ தம்பி, தகரம் அடங்கட்டும்" என்றார். அப்படியே செய்தோம். "இருபது." கொஞ்சம் பொறுத்து, "மீற்றர்." வேலை நடந்தது. அப்போது நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. மழை வருவதற்குள் அளந்து முடித்துவிட்டுத் தேத்தண்ணி குடித்தோம், பஸ் பிடித்து ரவுனுக்கு வந்தோம்.

சனல் படங்கள் எனக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தன. ஐஈஈஈ என்ற பொறியியலாளர் அமைப்பில் யூடபிள்யூபிக்குத் தரம் எழுதக் கூடிய 802.15.3a பணிக்குழு வைத்த சனல் மாதிரிகள் நான்கையும் படித்தவன் நான். சீஎம்1, நான்கு மீற்றருக்குள் நேரே பார்க்கும் பாதை. சீஎம்4 மிக மோசமான மறைப்பு, தாமதப் பரவல் (எதிரொலிகள் நேரத்தில் எவ்வளவு பரவி வருகின்றன என்ற அளவு) 25 நானோ செக்கன். அவை வீட்டையும் அலுவலகத்தையும் மனதில் வைத்துச் செய்தவை. ஆய்வாளர்கள் சலேயும் வலென்சுவேலாவும் 1987இல் சொன்னதுபோல எதிரொலிகள் கொத்துக் கொத்தாக வரும், ஒவ்வொரு கொத்தும் தானே தேய்ந்துபோகும். தகர ஸ்டோரிலும் கொத்துகள் தெரிந்தன. தேய்வதுதான் காணவில்லை. 80 நானோ செக்கன் கழித்தும் வால் அடங்கவில்லை, அதாவது 24 மீற்றர் கூடச் சுற்றிய சிக்னல் இன்னும் வந்துகொண்டிருந்தது. சில இடங்களில் முதலில் வந்த பாதையைவிட ஐந்தாவதோ ஆறாவதோ வந்தது உயரமாக நின்றது. இரும்புத் தூண் நேர்வழியை மறைத்த இடங்கள் அவை. தூரம் அளப்பவனுக்கு அந்தச் சிறிய முதல் பாதைதான் உயிர், அதை ஒரு நானோ செக்கன் தவறவிட்டால் 30 சென்ரிமீற்றர் பிழை. தரவு அனுப்புபவனுக்கோ உயரமாக நிற்பதுதான் வேண்டும். ஒரே படத்தை வைத்துக்கொண்டு இரண்டு பேர் இரண்டு இடத்தைத் தொடுவார்கள்.

தூரம் அளக்கும் வேலை நன்றாகவே போனது. அவளுக்குத்தான் ஆசை அடங்கவில்லை. "இதே சனலில வீடியோ அனுப்பலாமா சேர்? 500 மெகாபிட்டுக்கு?" அந்தச் சில்லு அவ்வளவு வேகம் போகாது, அதன் உச்சம் செக்கனுக்கு 6.8 மெகாபிட்தான். ஆனால் அளந்த சனல் கையில் இருக்கிறது, லப்டொப்பில் போட்டுப் பார்க்கலாம். "பார், ரேக் போதும்" என்றேன், நல்ல நம்பிக்கையோடு.

கோடு தரை தட்டிய இரவு

அன்றிரவு எட்டு மணி இருக்கும், அவளிடமிருந்து படம் ஒன்று வந்தது. கிடையில் சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம், நிலைக்குத்தில் பிழை வீதம். சாதாரணமாக அந்தக் கோடு அருவிபோலக் கீழே விழ வேண்டும். பவரைக் கொஞ்சம் கூட்டினால் பிழை பத்திலொன்றாகும், இன்னும் கூட்டினால் நூறிலொன்றாகும். இங்கே கோடு கொஞ்சத் தூரம் இறங்கியது. அப்புறம் தோணி மணலில் தரை தட்டினதுபோல அப்படியே நின்றுவிட்டது. நூறு பிட்டுக்கு ஒன்று பிழை, அதற்குக் கீழே போகவே இல்லை. "சேர், பவர் எவ்வளவு கூட்டினாலும் குறையுதில்லை. நான் எங்க பிழை விட்டன் எண்டு விளங்கல்ல" என்று எழுதியிருந்தாள்.

நானும் அவளுடைய நிரலில்தான் பிழை என்று நினைத்தேன். வரி வரியாகப் பார்த்தேன். எட்டு விரல் ரேக், நிறைகள் சரி, நேரம் பிடித்ததும் சரி. விரல்களைப் பதினாறாக்கினேன், முப்பத்திரண்டாக்கினேன். தரை கொஞ்சம் இறங்கியது, போகவில்லை. பதினொரு மணிக்குக் கரண்ட் நின்றது. லப்டொப்பை மூடிவிட்டு இருட்டுக்குள் இருந்தபோதுதான் தகர ஸ்டோருக்குள் நாங்கள் கத்தியது நினைவுக்கு வந்தது. நான் குரலை உயர்த்தினால் என் எதிரொலியும் அதே அளவு உயரும். வெளியே பெய்கிற மழையின் சத்தத்தை வெல்ல வேண்டுமென்றால் கத்துவதில் பயன் இருக்கிறது. என் முந்தின சொல்லின் எதிரொலியை வெல்லக் கத்திப் பயனில்லை. அதுவும் என் குரல்தான்.

500 மெகாபிட் என்றால் இரண்டு நானோ செக்கனுக்கு ஒரு பிட். வால் 80 நானோ செக்கன் என்றால் ஒவ்வொரு பிட்டின் மேலும் முன்னே போன நாற்பது பிட்டுகளின் மிச்சம் கிடக்கும். ஒரு மெகாபிட்டில் பிட்டுக்கும் பிட்டுக்கும் இடையே ஆயிரம் நானோ செக்கன். தகரம் அடங்கிய பிறகுதான் அடுத்த சொல் வரும். "ஈக்குவலைசர் தேவையில்லை" என்ற வசனம் அங்கே முழு உண்மை. துடிப்பின் அகலம் அல்ல, துடிப்புகளுக்கிடையிலான வெளிதான் இதைத் தீர்மானிக்கிறது. துடிப்பு எவ்வளவு ஒல்லியாக இருந்தாலும், அடுத்த துடிப்பு அதன் வாலுக்குள் வந்தால் கலப்புத்தான். இது புத்தகத்தில் உள்ள விஷயம். எனக்குத் தெரியாத விஷயமும் அல்ல. தெரிந்ததையும் எழுதிய வசனத்தையும் நான் ஒரு நாளும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் அந்த இருட்டில் பிடிபட்டது. ரேக் கலப்பைக் குறைப்பதில்லை, ஒரு விதத்தில் நீட்டுகிறது. எல்லாப் பாதைகளையும் அவற்றின் நிறையோடு கூட்டுவது என்றால், சனலை நேரத்தில் திருப்பிப்போட்டு அதையே அதன்மேல் ஓடவிடுவதுதான். நடுவில் பெரிய சிகரம் ஒன்று எழும், சக்தி சேர்ந்துவிடும். ஆனால் முன்பு பின்னுக்கு மட்டும் இருந்த வால் இப்போது இரண்டு பக்கமும் வளரும். இன்னும் வராத பிட்டுகளின் நிழலும் இன்றைய பிட்டின்மேல் விழும். முப்பத்திரண்டு விரல் போட்டும் தரை போகாததற்குக் காரணம் அதுதான்.

அழிக்கப் போய்

அடுத்த நாள் அவளிடம் இதைச் சொன்னேன். உடனே கேட்டாள்: "அப்ப சனலைத் தலைகீழாக்கிப் போட்டா எல்லாம் சுத்தமாகிடுமே?" எல்லாருக்கும் முதலில் வருகிற எண்ணம் இது, புத்தகங்களில் சீரோ ஃபோர்சிங் என்று இருக்கும். போட்டுப் பார்க்கட்டும் என்று விட்டேன். போட்டாள். இரைச்சலே இல்லாத சிக்னலில் அற்புதமாக வேலை செய்தது, எல்லாக் கலப்பும் மறைந்தது. உண்மையான அளவு இரைச்சலைச் சேர்த்ததும் முன்னையதைவிட மோசமாகிவிட்டது.

இதைக் காதால் விளங்குவது கடினம், அதிர்வெண்ணில் பார்க்க வேண்டும். 20 நானோ செக்கன் இடைவெளியில் ஏறத்தாழச் சம பலத்தோடு இரண்டு பாதைகள் வந்தால், ஒவ்வொரு 50 மெகாஹேர்ட்ஸுக்கும் ஓர் ஆழமான பள்ளம் விழும். 500 மெகாஹேர்ட்ஸில் பத்துப் பள்ளங்கள். தகர ஸ்டோரில் இரண்டு பாதை அல்ல, நூறு. மழைக்குப் பிறகு பழைய றோட்டு எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். தலைகீழாக்குவது என்றால் பள்ளம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு உயரத்துக்கு அந்த இடத்தைத் தூக்குவது. பள்ளத்தில் சிக்னல் இல்லை, இரைச்சல் மட்டும்தான் இருக்கிறது. தூக்கினால் தூக்குப்படுவது இரைச்சல்தான்.

இதற்கு மாற்றாக எம்எம்எஸ்ஈ (சராசரி வர்க்கப் பிழையை மிகக் குறைப்பது) ஈக்குவலைசர் செய்கிற காரியம் எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த விஷயம். சூத்திரத்தில் வித்தியாசம் மிகச் சிறியது. சனலின் பலத்தால் வகுக்கிற இடத்தில், அதோடு இரைச்சலின் பலத்தையும் கூட்டி வகுக்கும். சிக்னல் நன்றாக உள்ள இடங்களில் அந்தக் கூட்டல் தெரியவே தெரியாது, சனல் ஒழுங்காகத் திருத்தப்படும். பள்ளங்களில் வகுத்தி பூச்சியத்துக்குப் போகாமல் இரைச்சல் தாங்கிப் பிடிக்கும், அந்த இடத்தைத் தூக்காமல் விட்டுவிடும். எதிரொலி கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சட்டும் என்று விடுகிறது. எதிரொலியும் இரைச்சலும் சேர்ந்த மொத்தப் பிழை எங்கே குறைவோ அங்கே நிற்கிறது. நூறு வீதம் திருத்துகிற கருவியைவிட, எவ்வளவு திருத்தலாம் என்று கணக்குப் பார்க்கிற கருவி நல்ல விடை தரும் என்பதை அவளுடைய இரண்டு கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் நானும் உண்மையில் நம்பினேன்.

இன்னொரு வழி, ஏற்கெனவே முடிவெடுத்த பிட்டுகளை வைத்து அவற்றின் வாலைக் கழிப்பது. முடிவெடுத்த பிட்டில் இரைச்சல் இல்லை, ஆகவே கழிக்கும்போது இரைச்சல் கூடாது. ஒரு பிட்டைப் பிழையாக முடிவெடுத்தால் கழிக்க வேண்டியதைக் கூட்டிவிடும், அடுத்தடுத்த பிட்டுகளும் அதோடு சரியும். அதோடு, அது பின்வாலை மட்டுந்தான் கழிக்கும். முதல் பாதை சிறியதாகவும் ஆறாவது பெரியதாகவும் உள்ள இடத்தில் முன்னே விழும் நிழலுக்கு வேறு ஃபில்டர் வேண்டும்.

கடைசியில் நாங்கள் வந்து நின்ற ஒழுங்கு இது: முதலில் சில ரேக் விரல்களால் சக்தியைச் சேர்ப்பது, அதன்பின் எம்எம்எஸ்ஈ ஈக்குவலைசரால் மிச்சக் கலப்பைத் திருத்துவது. எத்தனை விரல், ஈக்குவலைசரில் எத்தனை நிறை என்பதில்தான் நேரம் போனது. சிக்னல் பலவீனமாக உள்ள மூலைகளில் விரல்களைக் கூட்டினால் பயன் தெரிந்தது, அங்கே இரைச்சல்தான் எதிரி. சிக்னல் பலமாக உள்ள இடங்களில் விரல் கூட்டிப் பயனில்லை, ஈக்குவலைசரை நீட்டினால்தான் கோடு மணலை விட்டுக் கிளம்பியது. கிளம்பிய படம் வந்தபோது நான் உட்துறைமுக வீதியில் நடந்துகொண்டிருந்தேன். நின்று, போனைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோடு அருவியாகக் கீழே போய்க்கொண்டிருந்தது. நல்ல சந்தோஷம்.

செலவுக் கணக்கு

சந்தோஷத்தோடு இதையும் சொல்ல வேண்டும். 1965இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ரொபர்ட் லக்கி தொலைபேசிக் கம்பிக்குத் தானே கற்றுக்கொள்ளும் ஈக்குவலைசரைச் செய்தபோது செக்கனுக்குச் சில ஆயிரம் குறியீடுகள்தான். எங்களுடையது 500 மில்லியன். முப்பது நிறை உள்ள ஃபில்டர் என்றால் செக்கனுக்கு 1,500 கோடிப் பெருக்கல். சின்னப் பற்றரியில் ஓடுகிற பொருளுக்குள் அதை வைப்பது விளையாட்டல்ல. அதனால்தான் ஒரு தொகுதியை மொத்தமாக அதிர்வெண்ணுக்கு மாற்றி அங்கே ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பெருக்கலோடு முடிப்பது இந்த வேகத்தில் மலிவாகிறது.

802.15.3a குழுவில் நடந்த இழுபறியின் ஒரு பக்கமும் இந்தக் கேள்விதான். ஒரு தரப்பு நேரடித் துடிப்புகளோடு நின்று, கலப்பை ரேக்காலும் ஈக்குவலைசராலும் சமாளிப்போம் என்றது. மறு தரப்பு 528 மெகாஹேர்ட்ஸை 128 சிறு அலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 4.125 மெகாஹேர்ட்ஸ் ஆக்கி, ஒவ்வொரு 312.5 நானோ செக்கனிலும் ஏறத்தாழ 70 நானோ செக்கன் மௌனம் விடுவோம் என்றது. தகரம் அடங்கட்டும் என்பதைச் சில்லுக்குள் எழுதியவர்கள் அவர்கள். எங்கள் ஸ்டோரின் வால் அந்த 70ஐயும் தாண்டியது, அது வேறு கதை. இணக்கம் வராமல் 2006 ஜனவரியில் குழு கலைந்தது. அப்புறம் யூடபிள்யூபி தூரம் அளக்கும் வேலைக்குத் திரும்பி, 2019இல் ஐபோன் 11க்குள் வந்து சேர்ந்தது. அங்கே வேகம் குறைவு. என் பழைய வசனம் அங்கே பெரும்பாலும் தப்பிவிடும்.

போன சனிக்கிழமை பலகையில் அதே வசனத்தை மீண்டும் எழுதி, பக்கத்தில் "எந்த வேகத்தில்? எந்த அறையில்?" என்று எழுதினேன். கொப்பியில் பழையதை வெட்டிவிட்டு எழுதச் சொன்னேன். எழுதினார்கள். பின்வரிசைத் தம்பி ஒருவன், மூட்டை நிறைந்த ஸ்டோரிலும் இப்படித்தானா என்று கேட்டான். நெல் மூட்டை சிக்னலை விழுங்கும், தகரச் சுவரையும் மறைக்கும். வால் குறுகலாம். சக்தியும் குறையலாம். விரல் கூட வேண்டுமா, ஈக்குவலைசர் குறையலாமா என்பது அளந்தால்தான் தெரியும். பெரும்போகம் வெட்டி, மாசி கடைசியில் ஸ்டோர் நிறையும் என்று அவளுடைய மாமா சொன்னார். இரண்டு பலகைகளையும் சார்ஜ் போட்டு வைக்கும்படி அவளிடம் சொல்லியிருக்கிறேன்.